புறாவுக்குப் போடும் தீனியும் பசித்தவன் பங்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகத்தில் இத்தனை பேர் பட்டினி கிடக்கும்போது பொழுதுபோக்குக்குப் பணத்தைக் கொட்டுவது தகுமா என்று கேட்டு சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் இராயபுரத்தில் மொட்டை மாடியில் பந்தயத்துக்கு ஹோமர் புறா (தொலைவில் கொண்டுபோய்த் திறந்துவிட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பிவரும் வகை) வளர்ப்பவன், அதனால் கொஞ்சம் சுருக்கென்று தைத்தது.

கட்டுரையின் அடிப்படை வாதத்தை என்னால் உடைக்க முடியவில்லை. பீட்டர் சிங்கர் என்ற தத்துவ அறிஞர், 1971 போரில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வந்து குவிந்த சமயத்தில் எழுப்பிய கேள்விதான் அது. கண்ணெதிரே குட்டையில் ஒரு குழந்தை மூழ்கினால், துணி பாழாகுமே என்று யாரும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம், அந்தக் குழந்தை தூரத்தில் இருந்தால் மட்டும் கடமை போய்விடுமா? 2023இல் மட்டும் மலேரியாவால் ஏறத்தாழ 6 லட்சம் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள். மருந்து தோய்த்த கொசுவலை ஒன்று சில நூறு ரூபாய்தான். கம்பும் சோளமும் பச்சைப்பயறும் கலந்து தட்டில் போடும்போது இந்தக் கணக்கை நினைத்தால் கை கூசத்தான் செய்கிறது.

"நான் செலவு பண்றதால நாலு பேருக்கு வேலை கிடைக்குதே" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கூண்டு அடிக்கும் தச்சர், தானியக் கடைக்காரர் என்று பட்டியலும் போடுவார்கள். சரி, கொசுவலை மட்டும் வானத்திலிருந்தா விழுகிறது, அதைத் தைக்கிறவருக்கும் கூலி உண்டே. இந்தச் சமாதானம் எனக்குச் செல்லாது.

ஆனால் கட்டுரையாளர் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறார் என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன் சாயங்காலம் மாடியேறிப் புறாவைப் பார்த்தால் அவன் உருப்படாதவன், ஒரே ஒரு நாள் கல்யாணத்துக்கு மண்டபம், மேடை அலங்காரம் என்று லட்சக்கணக்கில் இறைப்பவர் மட்டும் கௌரவமானவர், லாக்கரில் தூங்கும் தங்கத்தைப் பற்றியோ பேச்சே கிடையாது. விஜயவாடாவில் காலையில் திறந்துவிட்ட பறவை மதியத்துக்கு மேல், நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி தன் கூண்டைத் தேடி வந்து இறங்குவதைப் பார்த்தவனுக்குத் தெரியும் அதில் என்ன இருக்கிறதென்று. அந்தச் சந்தோஷத்தையும் பிடுங்கிக்கொண்டு ஒருவனை நல்லவனாக்க வேண்டுமா?

அதற்காக எந்தச் செலவும் சரி என்று சொல்ல மாட்டேன். 2020 நவம்பரில் நியூ கிம் என்ற பெல்ஜியம் நாட்டுப் பெட்டைப் புறா 16 லட்சம் யூரோவுக்கு, அன்றைய மதிப்பில் 14 கோடி ரூபாய் போல, ஏலம் போனது. அதே வருஷம் ஏப்ரலில்தான் ஊரடங்கு நிவாரணம் ஆயிரம் ரூபாய்க்கு ரேஷன் கடை வாசலில் எங்கள் தெருவே நின்றது. புறாப் பைத்தியமான எனக்கே அந்த ஏலச் செய்தி குமட்டியது.

நான் வைத்திருக்கும் வழக்கம் ரொம்பச் சாதாரணம். சம்பளம் வந்ததும் ஒரு பங்கை முதலில் ஒதுக்கிவிடுவது, அப்புறம்தான் தானியக் கடை. அந்தக் காலத்தில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்களே, அந்த முறைதான். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி இன்றைக்கும் அணையாத அடுப்பை மூட்டிய வள்ளலார் இளமையில் வாழ்ந்தது எங்கள் பக்கத்து ஏழுகிணற்றில்தான், அதனால் இதெல்லாம் எங்களுக்கு யாரோ வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டிய சங்கதி இல்லை.

ஒதுக்கிய பணம் எங்கே போக வேண்டும் என்பதில் நண்பர்களோடு சண்டை ஓயாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து மீனவர்களின் வலையெல்லாம் நாசமானதே, அதைவிட்டு ஆப்பிரிக்காவுக்கு ஏன் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அங்கே சாகும் பிள்ளைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவனிடமும் காசில்லையே. ஆகவே நான் பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரித்துவிடுகிறேன்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் 0.7 சதவீதம் ஏழை நாடுகளுக்குத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970இலேயே தீர்மானம் போட்டது. அதை எட்டிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுத்த முறை அவர்கள் கணக்கையும் கொஞ்சம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
புறா வளர்க்கும் வாசகன்,
இராயபுரம், சென்னை-13