ஞாயிறு இரவு பேச்சு: 2018-19 ஐ-லீக் கால்பந்து

நண்பர்களே, வணக்கம். இந்த வாரம் ஐரோப்பா வேண்டாம், கோயம்புத்தூருக்கு வருவோம். ஞாயிறு இரவு 8 மணிக்கு நாம் பேசப்போவது சென்னை சிட்டி எஃப்.சி. கோப்பை வென்ற ஐ-லீக் (இந்தியக் கால்பந்து லீக்) சீசன். பெயரில்தான் சென்னை, அப்போது சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம்!

பதினோரு அணிகள், ஆளுக்கு 20 ஆட்டம். கடைசி நாளான 2019 மார்ச் 9 வரை சாம்பியன் யார் என்று தெரியாது. சென்னை சிட்டிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். கோவையில் எதிரணி முந்தைய சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் கௌரவ் போரா இரண்டு கோல், 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளா அணியை வென்றும் பயனில்லை: புள்ளிகள் 43-க்கு 42.

எல்லோரும் மான்சியின் 21 கோல்களையே சொல்வார்கள். என் கணக்கில் பெரும்பங்கு சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸுக்கு. பந்தைத் தரையிலேயே வைத்து ஆடும் ஆட்டம் அவருடையது. மறுப்பவர்கள் ஞாயிறன்று வந்து சண்டை போடலாம்.

அன்று ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் படங்களைச் சனிக்கிழமைக்குள் போடுங்கள். ஸ்டிக்கர், ஃபார்வர்டு வேண்டாம். குரல் பதிவு ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும்.