கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வீடு தேடி வரட்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறையின் மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கும், துறையின் மற்ற பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், ஒரே ஒரு கோரிக்கைக்காக இம்மடலை எழுதுகிறேன். முப்பது வயதைக் கடந்த பெண்கள் தங்கள் மாதிரியைத் தங்கள் வீட்டிலேயே, தாங்களே எடுத்துக் கொடுக்கும் ஹெச்பிவி பரிசோதனையை (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை), ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக மாநிலம் முழுவதும் கொண்டுவர வேண்டும் என்பதே அது.

இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் இறக்கிறார்கள். கிருமி தொற்றிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் புற்றாக மாறும் ஒரு நோயில், அதாவது தடுப்பதற்கு இவ்வளவு அவகாசம் தரும் ஒரு நோயில், இத்தனை பேரை இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஏதேனும் ஒரு பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்ட 30 முதல் 49 வயதுப் பெண்கள் நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாடு பிற மாநிலங்களைவிட எவ்வளவோ முன்னே இருந்தும், இங்கும் பத்தில் ஒருவர் என்ற அளவை எட்டவில்லை.

காரணத்தை அறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் போதும். சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பெண்ணிடம் “அப்படியே இந்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள் அம்மா” என்றால், அவர் கண் முதலில் போவது தாழ்ப்பாள் சரியாக விழாத அந்தக் கதவின் மீதுதான். பிறகு மேசையைப் பார்ப்பார். தட்டில் இருக்கும் ஸ்பெகுலத்தை, அதாவது பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவியைப் பார்ப்பார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “இன்னைக்கு வீட்டுக்குத் தூரம் சிஸ்டர், அடுத்த வாரம் வர்றேன்” என்பார். அடுத்த வாரம் நூறு நாள் வேலை இருக்கும். இதை அறியாமை என்று கூட்டங்களில் பேசக் கேட்டிருக்கிறேன். அது அறியாமை அன்று. தன் உடலை அந்நியர் முன் திறந்து காட்ட மனம் ஒப்பாத இயல்பான கூச்சம். நோயின் ஆபத்தை எங்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்த பெண்களும், பக்கத்து வீட்டில் ஒருவரை இந்நோய்க்குப் பறிகொடுத்த பெண்களும்கூட, அந்த மேசை வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அந்த மேசையில் செய்யப்படும், அசிட்டிக் அமிலம் தடவி, கருப்பைவாயில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கும் விஐஏ முறையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அம்முறை உயிர் காக்கும் என்று உலகுக்குக் காட்டியதே நம் திண்டுக்கல் மாவட்டம்தான். அங்கு நடந்த பெரும் ஆய்வில் அந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததை 2007-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. ஆனால் பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பி நிற்கும் முறை அது; ஒருவர் திட்டு என்பதை இன்னொருவர் இல்லை என்பார். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒருமுறை செய்த ஹெச்பிவி பரிசோதனை, முற்றிய நிலைப் புற்றையும் இறப்பையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அதே ஆய்வில் விஐஏ, கருப்பைவாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் ஆகிய இரண்டும் அத்தகைய பலனைத் தரவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2021 முதல் ஹெச்பிவி பரிசோதனையையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்து, பெண்கள் தாமே மாதிரி எடுப்பதையும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

தாமே எடுப்பது கடினமான வேலையும் அன்று. கையைக் கழுவிக்கொண்டு, மென்மையான பஞ்சு முனை கொண்ட குச்சியைப் பிறப்புறுப்புக்குள் சில சென்டிமீட்டர் செலுத்தி, சில நொடிகள் சுழற்றி எடுத்துக் குழாயில் போட்டு மூடினால் முடிந்தது. கருப்பைவாய் வரை குச்சி எட்ட வேண்டியதில்லை. அங்கிருந்து உதிரும் செல்களும் கிருமியும் கசிவோடு கீழே வந்துவிடுகின்றன. இப்படி எடுத்த மாதிரி, கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் முறையில் சோதிக்கப்பட்டால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கு ஏறக்குறைய இணையானது. வேறு சில சோதனை முறைகளில் இத்துல்லியம் குறைகிறது என்பதால், ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே பிசிஆர் என்பதைக் கட்டாய நிபந்தனையாக்குங்கள். விலை குறைவு என்பதற்காக இதில் சமரசம் செய்ய வேண்டாம். குச்சிக்கும் தயங்குவோருக்குச் சிறுநீரின் முதல் பகுதியைச் சோதிக்கும் முறையை ஒரு மாவட்டத்திலாவது ஆய்வாகத் தொடங்கலாம். ஆஸ்திரேலியா 2022 ஜூலை முதல் தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் தாமே மாதிரி எடுக்கும் உரிமையை வழங்கிவிட்டது. மலேசியாவின் ‘ரோஸ்’ திட்டம், பெண்கள் தாமே எடுத்த மாதிரியைச் சோதித்து முடிவைக் கைப்பேசிக்கே அனுப்புகிறது.

நமக்கோ ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பெண் தன்னார்வலர்கள் 2021 முதல் இருக்கிறார்கள். காசநோய்க்காக நிறுவப்பட்ட ட்ரூநாட் என்ற பிசிஆர் சோதனைக் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் இயங்கும் ஹெச்பிவி சோதனைச் சில்லும் (சிப்) உள்நாட்டிலேயே தயாராகிறது.

இனி, நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். கிருமி இருப்பதாக முடிவு வந்த பெண்ணை அதன் பிறகு யார் கவனிப்பது? அவரை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மூன்று முறை அலையவிட்டால் நான்காம் முறை வர மாட்டார். வட்டார அளவிலேயே, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், பெண் மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற செவிலியர் பரிசோதித்து, தேவையானால் அன்றே, மாறுதலடைந்த திசுவைச் சூட்டால் அழிக்கும் வெப்பச் சிகிச்சையும் அளித்து அனுப்ப வேண்டும். கையடக்கக் கருவியால் சில நிமிடங்களில் முடியும் சிகிச்சை அது. இந்த ஏற்பாடு இல்லாத வட்டாரத்தில் குச்சிகளை விநியோகிக்கவே வேண்டாம் என்பேன். பயத்தை மட்டும் கொடுத்து மருந்தைக் கொடுக்காமல் விடுவது கொடுமை.

முடிவைச் சொல்லும் விதமும் முக்கியம். “பாசிட்டிவ்” என்ற ஒற்றைச் சொல் ஒரு குடும்பத்தையே குலைத்துவிடும். இது பாலுறவால் பரவும் கிருமி என்று தெரிந்ததும் கணவன் மனைவியைச் சந்தேகிக்கும் வீடுகள் உண்டு. மணவாழ்வில் இருக்கும் யாருக்கும் எப்போதோ தொற்றியிருக்கக்கூடிய சாதாரணக் கிருமி இது என்பதையும், பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே மறைந்துவிடும் என்பதையும், கிருமி இருப்பதால் புற்று வந்துவிட்டது என்று பொருளில்லை என்பதையும் தன்னார்வலர்கள் பதற்றமில்லாமல் சொல்லப் பழக வேண்டும். அதற்கான பயிற்சியை அனுபவமுள்ள செவிலியர்களே கொடுக்கட்டும். முடிவு அந்தப் பெண்ணிடம் மட்டுமே போக வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி கணவரிடம் இருக்கும் என்பதை மறந்து குறுஞ்செய்தியை மட்டும் நம்பிவிடக் கூடாது.

ஒரு குப்பி ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயையும் கண்டுபிடிப்பதாகப் பெருந்தொகைக்கு விற்கப்படும் சோதனைகளின் விளம்பரங்கள் இன்று எங்கும் தென்படுகின்றன. அவை இறப்பைக் குறைக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. நிறுவப்பட்ட சோதனை ஒன்று நம் கையருகே இருக்கும்போது, அரசின் பணமும் கவனமும் முதலில் இதற்கே வர வேண்டும். சிறுமிகளுக்கான ஹெச்பிவி தடுப்பூசியை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் அச்சிறுமிகளின் தாய்மார்களுக்கு இந்தச் சோதனைதான் பாதுகாப்பு.

வரும் நிதியாண்டிலேயே சில மாவட்டங்களில் இதைத் தொடங்கி, எத்தனை பேர் மாதிரி கொடுத்தார்கள், எத்தனை பேருக்குக் கிருமி இருந்தது, அவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்ற மூன்று எண்ணிக்கைகளையும் மாதந்தோறும் பொதுவெளியில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது எண்ணிக்கையை வைத்தே திட்டத்தை மதிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்