மண்ணைக் காக்க உள்ளூர்க் குழு

ஆசிரியருக்கு,

உலக மண் நாளையொட்டி (டிசம்பர் 5) வந்த தங்கள் தலையங்கம், மண் அரிப்பைத் தடுக்கக் கடுமையான சட்டம் தேவை என்கிறது. சட்டம் சரி, அது மட்டும் போதாது என்பதற்கு நான் வசிக்கும் அமெரிக்காவே சாட்சி. 1930களின் புழுதிப் புயல்களுக்குப் பிறகு 1935இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதோடு நிற்காமல், 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் மாநில ஆளுநர்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பி, உள்ளூர்க்காரர்களே நடத்தும் மண் பாதுகாப்பு வட்டாரங்களை அமைக்கச் சொன்னார். இன்று நாடு முழுக்க ஏறத்தாழ 3,000 இருக்கின்றன. எங்கள் ஒஹாயோ மாநிலத்தில் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) ஒன்றாக 88. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் குழு. தெரிந்த முகங்கள் என்பதால் விவசாயிகள் தயங்காமல் போய்க் கேட்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் அந்த வட்டார அலுவலகத்திலிருந்துதான் உழாமலே விதைக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து வந்தார். அது அறுத்த மக்காச்சோளத் தட்டைகளுக்கு நடுவே மெல்லிய கீறல் போட்டு விதையை இறக்கிவிட்டுப் போகிறது, தட்டை அப்படியே கிடந்து மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, வசந்தகால மழையில் அவர் வயலோரத்து ஓடை முன்பு போலக் கலங்கி ஓடுவதில்லை. இங்கே வீடு வாங்கிய தமிழர்கள் பலருக்கு இப்படியொரு அலுவலகம் இருப்பதே தெரியாது. மரக்கன்று விற்பனை, வடிகால் ஆலோசனை, குழுத் தேர்தல் பற்றியெல்லாம் தங்கள் அயலகப் பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

ஒரு வாசகர், ஒஹாயோ