பேர வெட்டுறதுக்கு முன்னுக்கு இடாப்பப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இடைவிலகின பிள்ளைகளத் தேடிப் புடிச்சு திரும்பச் சேர்க்கிற வேலை நம்மட பக்கம் நடக்குது, நல்ல விசயம், ஆனா பத்தாம் ஆண்டுல நிண்ட பொடியனத் தேடிப் போற நேரம் அவன் மேசனுக்குக் கையாளாப் போய் நாள் சம்பளம் கண்டுட்டான், கையில காசு புழங்கின பிறகு அவனுக்குத் திரும்பவும் வெள்ளச் சேட்டப் போடுறது லேசுப்பட்ட காரியமில்ல. அவன் விலகப் போறான் எண்டது ஆறாம் ஏழாம் ஆண்டு வரவு இடாப்புலயே கிடந்தது, ஒருத்தரும் பார்க்கல்ல.

படுவான்கரையில கனகாலம் படிப்பிச்ச ஆள் நான். இடாப்ப விரிச்சு ஒரு பிள்ளைட வரிய மட்டும் விரல வச்சுப் பாருங்க. முதல்ல திங்கக்கிழமை மட்டும் வரவில்ல, பிறகு வெள்ளியும் திங்களும், வேளாண்மை வெட்டுக் காலத்துல கிழமைக்கணக்கா இல்ல. ஆனா மாசம் முடிய நாங்க வகுப்புக்கு மொத்தமா வீதம் போட்டுக் குடுக்கிறம், 85 எண்டா எல்லாருக்கும் சந்தோசம், அந்த 85க்குள்ள பாதி நாள் வராத ரெண்டு பிள்ளைகள் ஒளிஞ்சு போகுதுகள்.

அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஆறாம் வகுப்புப் பிள்ளைகளப் பல வருசம் பின்தொடர்ந்து பார்த்தவங்க. வரவு 80 வீதத்துக்குக் குறையிறது, கணிதத்துல ஃபெயில், ஆங்கிலத்துல ஃபெயில், குழப்படி செஞ்சா பள்ளிக்கூடத்துக்கு வராதே எண்டு கொஞ்ச நாளைக்கு இடைநிறுத்துறது, இதுல ஒண்டு இருந்தாலே அந்தப் பிள்ளை படிப்ப முடிக்கிறது கஷ்டம் எண்டு கண்டாங்க. நம்மட இடத்துல இதுக்கு மேலயும் காரணங்கள் இருக்கு. ஊர்ப் பள்ளிக்கூடம் அஞ்சாம் ஆண்டோட முடிஞ்சா ஆறுக்கு யானை திரியிற ரோட்டால தூரம் போகணும். அம்மா குவைத்துல, தம்பிக்குக் காய்ச்சல் எண்டா பன்னிரண்டு வயசு அக்காதான் வீட்டுல நிக்கணும். அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனைக்கு அவ்வளவு ஓடுற நாங்க, அது முடிஞ்ச அடுத்த வருசம் யார் வரல்ல எண்டு திரும்பிப் பார்க்கிறமா?

ஒரு பொடியன் ரெண்டு கிழமையா வரல்ல. வகுப்பு ரீச்சர் வீட்ட போய்க் கேட்டா, சப்பாத்து பிஞ்சிட்டுதாம், கேட்ல மறிச்சுத் திருப்பி அனுப்பினதாம், வெக்கத்துல அதுக்குப் பிறகு அவன் வரவேயில்ல. சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் குடுத்தம், அடுத்த நாளே வந்துட்டான். இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா பேர வெட்டியிருப்பாங்க.

2016ல வர்த்தமானி போட்டு 16 வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி ஆக்கியாச்சு, சட்டத்தக் காட்டி ஏழைத் தாய் தகப்பன வெருட்டச் சொல்லல்ல. ஆறாம் ஆண்டுல இருந்து மூணு நாள் தொடர்ந்து வராட்டி வகுப்பாசிரியர் ஒரு கோல் எடுக்கணும், கிழமை தாண்டினா வீட்ட போகணும், அதிபரும் கிராம சேவகரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் மாசம் ஒருக்கா அந்தப் பேருகள வச்சு இருந்து பேசணும். பட்டியல காலைக் கூட்டத்துல வாசிக்கக் கூடாது, வாசிச்சா மிச்சப் பிள்ளைகளும் நிண்டுடும். வீட்ட போற ரீச்சருக்கு பஸ் காசும் நேரசூசியில ஒரு பாடவேளையும் வலயக் கல்விப் பணிமனை ஒதுக்கிக் குடுக்கணும், இதக்கூட அவங்கட தலையில இலவசமாக் கட்டாதீங்க.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
படுவான்கரை, மட்டக்களப்பு