அடித்த பையனோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய காவல் ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். வைகைத் தென்கரையில் சென்ற வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கிரிக்கெட் பந்தயக் கடனுக்காக அடிபட்டுத் தாடை உடைந்த பதினொன்றாம் வகுப்பு மாணவனின் தாய்மாமன் நான். "பையன்களுக்குள் சண்டை, பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று காவல் நிலையத்தில் சொல்லி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான மனு ரசீதோடு எங்களை அனுப்பிவிட்டார்கள். பேசி முடிக்க எங்களுக்கு மனமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். என் அக்கா கஞ்சியை வடிகட்டி ஸ்ட்ராவில் கொடுக்கிறாள். இரவில் வாந்தி வந்தால் மூச்சடைத்துவிடும், உடனே கம்பியை வெட்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால், குறடைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் விழித்திருக்கிறாள்.

அடித்தவன் அவனோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பையன். அவனும் கிரிக்கெட் பந்தயத்தில் தோற்றுக் கடன்பட்டவன்தான். "உன் கடன் கழிய வேண்டுமா, அவனிடம் வசூலித்துக்கொண்டு வா" என்று அனுப்பியவனுக்கு முப்பது வயதுக்கு மேல். அவன் பெயரைப் புகாரிலேயே எழுதியிருக்கிறோம். இன்றுவரை அவனை யாரும் அழைத்து விசாரிக்கவில்லை.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி, பந்தயப் பணம் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது. அதனால்தான் சூதுக் கடன் அடிதடியில் வசூலாகிறது. தாங்கள் மாட்டக்கூடாது என்று சிறுவனை ஏவுகிறார்கள். சிறுவர்களைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 83(2) சொல்கிறது. அந்தப் பிரிவில் அவன் மீது வழக்குப் பதியுங்கள்.

சட்டத்துக்கா இங்கே பஞ்சம்? 2003இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். கள்ளத்தனமாக நடக்கும் மூன்று நம்பர் லாட்டரிச் சீட்டு ஒழியவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் நாடாளுமன்றமே தடை செய்தது. பந்தயம் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் விளம்பரத்தில் வந்து ஆசை காட்டிவிட்டுப் போனார்கள். அடிபடுவது எங்கள் பிள்ளைகள்.

இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் அந்த ஆளின் பெயர் உங்கள் மேசையில் இருக்கிறது. அவனை விசாரியுங்கள். அடித்த பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவன் வீடும் எங்கள் தெருவில்தான், அவனும் பயந்துபோயிருக்கிறான். குழந்தைகள் நலக் காவல் அலுவலர் முன்னிலையில் அவன் அச்சமின்றிப் பேச வழி செய்யுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலையும் என் அக்காவிடம் தருமாறு தயவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாணவனின் தாய்மாமன்,
மதுரை