கட்டுத்தரையில் நிற்கிற ஐச்சர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பழைய டிராக்டருக்கெல்லாம் சங்கம் நடத்துகிறாயாமே என்று போன மாதம் நீ போனில் கேட்டபோது ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது, உன் குரலே கேட்கவில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுதுவதே மேல், பேசினால் நீ சிரிப்பாய்.

ஆமாம், கோபியில் பழைய டிராக்டர் பைத்தியங்கள் ஒன்பது பேர் சேர்ந்து சங்கம் மாதிரி ஒன்று நடத்துகிறோம். பதினோரு வண்டி. ஏழு பேர் இருந்தாலே பதிவு செய்துவிடலாம் என்று ஆடிட்டர் சொன்னார், ஆனால் பொதுக்குழு, தீர்மானம், வருடாவருடம் கணக்குத் தாக்கல் என்று போனால் வண்டியைத் தொடவே நேரமிருக்காது என்று விட்டுவிட்டோம். ஆளுக்கு மாதம் 200 ரூபாய், டீக்கும் டீசலுக்கும் சரியாகப் போகிறது. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர்தான் கணக்கு; மூன்று ரூபாய் உதைத்தாலும் ராத்திரி போன் போடுவார்.

எல்லாம் அப்பாவின் மாஸ்ஸி 1035 டிராக்டரில் ஆரம்பித்தது. அப்பா போனபின் நாலு வருடம் அப்படியே நின்றது. பழைய இரும்புக்காரர் வந்து கிலோ கணக்கில் விலை சொன்னார் பார், அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை அண்ணனைக் கூட்டி வந்தேன். டேங்கைக் கழுவி, புது டீசல் ஊற்றி, ஏர் எடுக்க, அதாவது டீசல் குழாயில் சிக்கின காற்றை வெளியேற்ற, உட்கார்ந்தோம். பில்டர் மேலே இருக்கிற திருகைத் தளர்த்திவிட்டு பம்பின் சின்ன நெம்புகோலை விரலால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் வராது, அப்புறம் சோப்பு நுரை மாதிரி பொங்கும், நுரை அடங்கிச் சுத்தமான டீசல் வழிகிற நொடியில் திருகை இறுக்கணும். இன்ஜெக்டர் நட்டுகளிலும் தளர்த்தி இறுக்குகிற அதே வேலை, அங்கே நெம்புகோலுக்குப் பதில் செல்ஃப் அடிக்கணும். கடைசியில் செல்ஃப் அடித்தபோது ஒரு சிலிண்டர் பிடித்தது, இருமியது, பிறகு மூன்றும் சேர்ந்தன. நீ குடியிருக்கிற பெரம்பூர்ப் பக்கம் செம்பியத்தில் செய்த சிம்ப்சன் எஞ்சின்தான் அது, தெரியுமா? அந்தச் சத்தம் கேட்டு வாய்க்காலுக்கு அந்தப்பக்கத்துத் தோட்டத்துக்காரர் தேடி வந்தார். அவரிடம் எச்எம்டி 2511 டிராக்டர். இரண்டு பேர் ஆனோம்.

எச்எம்டிக்காரர் பாடுதான் பாவம். 1971-ல் ஹரியானாவின் பிஞ்சோரில் டிராக்டர் போட ஆரம்பித்த தொழிற்சாலையை 2016-ல் மூடவே முடிவு செய்துவிட்டார்கள், இப்போது ஒவ்வொரு சாமானுக்கும் காயலான் கடை காயலான் கடையாக அலைகிறார். எங்களில் யார் வெளியூர் போனாலும் பையில் அவர் கொடுத்த பட்டியல் இருக்கும்.

முதல் தடவை எல்லோரும் சேர்ந்து பாரியூர் ரோட்டில் ஓட்டிப் போனது ஒரு கூத்து. டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலதுக்கு ஒரு பிரேக், வயலில் திரும்ப அது வேண்டும். ரோட்டுக்கு ஏறும்போது இரண்டு பெடலையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும் என்பது சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். எங்களில் ஒருவர் மறந்துவிட்டார். நாய் குறுக்கே வர, மிதித்தார், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சடாரென்று திரும்பி, முன் சக்கரம் வாய்க்கால் கரையில் தொங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து உன் கொக்கியை நீ பார்த்தால் போதாது, அடுத்தவர் வந்து கையால் இழுத்துப் பார்த்த பிறகுதான் கிளம்பணும்.

ஆனால் மாப்பிள்ளை, எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது வாய்க்கால் இல்லை, விலைப் பேச்சு. ஒருத்தர் "என் வண்டி இன்றைக்கு என்ன போகும்" என்று கேட்டார், அவ்வளவுதான், மூன்றாம் மாதம் புரோக்கர் ஒருவரே உறுப்பினராக வந்து உட்கார்ந்துவிட்டார். வால்வு, கிளட்ச் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் லட்சம், கமிஷன் என்று பேச ஆரம்பித்தார்கள், இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்தினார்கள். அவரை மெல்ல வெளியே அனுப்பிவிட்டு ஒரு விதி போட்டோம்: விலை பேசினால் 100 ரூபாய் அபராதம். அந்தக் காசில் ஒரு கிரீஸ் கன் வாங்கியாயிற்று, பாதிக் காசு கணக்கு மாமாவுடையதே. பெயிண்ட் அடிக்கலாமா, துருவோடு விடலாமா என்கிற சண்டை இன்னும் ஓடுகிறது, அதில் எனக்கு அக்கறை இல்லை. ஓடினால் சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவின், அதாவது உன் அப்பாவின், ஐச்சர் டிராக்டர் மாடு கட்டுகிற கட்டுத்தரையில்தான் நிற்கிறது, அத்தை வெள்ளாட்டுக் குட்டிகளை அதன் சக்கரத்தில் கட்டியிருக்கிறார். ஒற்றை சிலிண்டர், ரேடியேட்டரே கிடையாது, காற்றிலேயே ஆறுகிற எஞ்சின். நம் நாட்டில் முதலில் கட்டின டிராக்டரே ஐச்சர்தான், 1959-ல் ஃபரிதாபாத்தில், என்று கணக்கு மாமா பெருமையடிப்பார்; அப்படி ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இரும்புக்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாராம். கொடுத்துவிடாதே. எனக்கும் வேண்டாம், விலையும் கேட்கவில்லை (100 ரூபாய் யார் கட்டுவது), உன் பேரிலேயே இருக்கட்டும், ஓட வைக்க மட்டும் விடு. ஆர்சி புத்தகம் கிடைத்தால் எடுத்து வை, பதினைந்து வருடம் எப்போதோ தாண்டியிருக்கும், புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம், ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டிலைக் காணோம். அத்தைக்கும் தெரியவில்லை. கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காதேடா என்று மாமா கத்தக் கத்த நீ சுற்றி, அது திருப்பி அடித்து ஒரு வாரம் வீங்கின கையோடு பள்ளிக்கூடம் வந்தாயே, அதே ஹேண்டில். அதற்குப் பிறகு மாமா அதை எங்கே ஒளித்துவைத்தார் என்று உனக்கு நினைவிருக்கிறதா?

இப்படிக்கு,
உன் மச்சான்