மிருதங்கத்தைக் கொடுக்கட்டா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்குத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சின்ன மாமா லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறார். மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கட்டிக் கொடுத்திருக்கிறேன், அதோடு இந்தக் கடிதமும் வரும். வாட்ஸ்அப்பில் போட்டால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. கடதாசி என்றால் ஆறுதலாக இருந்து வாசிப்பாய் என்று நினைத்தேன். நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கச்சியின் விசயம்தான் முதலில் எழுத வேண்டும். "ஓஎல் சோதனை வருது, சங்கீதத்தை விடச் சொல்லுங்கோ, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் போகட்டும், காசு நான் அனுப்புறன்" என்று சொன்னாய். நான் ஏதோ சொன்னேன். அதோடு போன் நின்றது, அதற்குப் பிறகு நீ எடுக்கவே இல்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது சொல்லு ராசா.

நீயும் எழுதின சோதனைதானே. ஒன்பது பாடத்தில் ஆறு கட்டாயம், மற்ற மூன்றும் மூன்று தொகுதியிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவு செய்கிற பாடம். சங்கீதத்தை விட்டால் அந்தத் தொகுதியில் சித்திரமோ நடனமோ நாடகமும் அரங்கியலுமோ இலக்கிய நயமோ ஒன்றை எடுத்தே ஆகவேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததைப் பத்தாம் வகுப்பில் விட்டுவிட்டு, தெரியாத ஒன்றை முதலிலிருந்து தொடங்கினால் நேரம் எங்கே மிஞ்சப் போகிறது? கணித ரியூசனுக்கு இப்போதும் போகிறாள்தான், சனி ஞாயிறு காலையில். வட இலங்கை சங்கீத சபையின் மூன்றாம் தரச் சோதனையும் பாஸ் பண்ணிவிட்டாள். உனக்குச் சொன்னாளா தெரியாது. நீ எடுத்தால் சொல்லுவோம் என்று வைத்திருந்தாள்.

நீ உண்மையில் சொன்னது பள்ளிக்கூடம் விட்ட பிறகு நடக்கிற குழு இசைப் பயிற்சியைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். தமிழ் மொழித் தினப் போட்டிக்கு இந்த முறை கல்விக் கோட்டத்தில் முதலாமிடம், இனி வலயம், பிறகு மாகாணம். தொடங்கும்போது பன்னிரண்டு பிள்ளைகள். பத்தாம் வகுப்பு வந்ததும் தாய் தகப்பன்மார் ஒவ்வொருவராக மறித்துவிட்டார்கள், இப்போது ஏழு பேர்தான். மறித்த வீட்டுப் பிள்ளைகள் அந்த நேரத்தில் படிக்கிறார்களா என்றால், நான் பார்த்த அளவில் இல்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

புது சங்கீத ரீச்சர் மருதனார்மடத்து நுண்கலைப் பீடத்தில் படித்த பிள்ளை. இங்கேயே அறை எடுத்து இருக்கிறார், வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போய்த் திங்கள் விடிய முதல் பஸ்ஸில் வருவார். எங்கள் பக்கம் வருகிற நல்ல ரீச்சர்மார் எல்லாம் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார்கள், இவரும் போய்விடுவாரோ என்று எனக்கு இப்போதே பயம். போன பெற்றார் கூட்டத்துக்குப் போனபோது கொஞ்ச நேரம் நின்று பயிற்சியைப் பார்த்தேன். ஒன்பது பத்தில் படிக்கிற பெடியளுக்குக் குரல் உடைகிற வயது. போன வருடம் பெண் பிள்ளைகளோடு ஐந்து கட்டைச் சுருதியில் பாடினவன் இந்த வருடம் வாயைத் திறந்தால் குரல் கீழே விழுகிறது, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். முந்தி என்றால் "நீ போய் இரு" என்று சொல்லிவிடுவார்கள். இவர் ஒருவரையும் அனுப்பவில்லை. ஒருவனுக்குச் சுருதிப்பெட்டி, ஒருவனுக்குக் கைத்தாளம், மற்றவனுக்கு அவன் தொண்டைக்கு எட்டுகிற வரிகள் மட்டும். "குரல் திரும்பி வரும், வராமல் எங்கே போகும்" என்று அவனுக்குச் சொன்னார். எனக்கு அந்த ரீச்சர்ப் பிள்ளையைக் கும்பிட வேணும் போல இருந்தது.

குழுப் பிள்ளைகள் வேகமாகப் பாடிக்கொண்டு போகிறார்கள், தாளம் ஓடுகிறது, அதுதான் குறை. தங்கச்சி இரவில் விறாந்தையில் சம்மணம் கட்டி இருந்து ஆதி தாளம் போடுகிறாள். தொடையில் ஒரு தட்டு, பிறகு சின்னி விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி. எட்டு எண்ணிக்கையில் ஏழாவதில் பிழைக்கிறாள். பிழைத்தால் திரும்ப முதலிலிருந்து. வகுப்பில் பெயர் கேட்டால்கூட வாய் திறக்காத பிள்ளை, தம்பி. மெனிக்பாம் அகதி முகாமில் பிறந்து, மூன்று வயது வரை ஆரைக் கண்டாலும் என் சீலைக்குள் ஒளித்தது. இன்றைக்கு முன்வரிசையில் நிற்கிறாள். கணித ரியூசன் அதைச் செய்யவில்லை.

ஏழாவதில் பிழைத்தால் நீ எப்படித் திருத்துவாய் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் மேசையில் விரலால் தட்டிக் காட்டுவாய்.

அதனால்தான் இதைக் கேட்கிறேன். குழுவுக்கு மிருதங்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கிடந்தது பழுதாகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன், பள்ளத்து வீட்டு ஆச்சியின் பேரன், வாசிப்பான், ஆனால் அவனிடம் சொந்தமாக இல்லை. ரீச்சர் தங்கச்சியிடம் கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் கேட்டாள், நான் அண்ணாவைக் கேட்காமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று உன் மிருதங்கத்தின் உறையைக் கழற்றிப் பார்த்தேன். மாரியில் ஈரம் பிடித்து வார் தளர்ந்திருக்கிறது, வலந்தலையில் கறுப்புக் கரணை ஓரமாக வெடித்திருக்கிறது. இடப்பக்கத் தொப்பியில் நீ கடைசியாகப் பூசின ரவை காய்ந்து, சுரண்டினால் பொருக்காக வருகிறது. சுருதி சேர்க்கிற கல்லும் கட்டையும் உறைப் பையில் அப்படியே இருக்கின்றன. தோல் மூட்டு மாற்ற யாழ்ப்பாணத்துக்குத்தான் கொண்டுபோக வேணும், அந்தச் செலவை அப்பா பார்த்துக்கொள்ளுவார், உன்னிடம் கேட்கவில்லை. சும்மா கிடந்தால் தோல் பழுதாகிவிடும் என்று ரீச்சரும் சொல்கிறார். ஆனால் அது உன்னுடையது. நீ வந்து வாசிப்பதற்கு இருக்கட்டும் என்றால் இருக்கட்டும், நான் ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.

முகாமிலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டகையில் பள்ளிக்கூடம் நடந்த காலத்தில், வாத்தியம் ஒன்றும் இல்லாமல் வாங்கிலில் தட்டிப் பழகினவன் நீ. வற்றாப்பளைப் பக்கம் கோவலன் கூத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் மற்றப் பிள்ளைகள் வேடக்காரரைப் பார்க்கும், நீ மத்தளக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய நித்திரை கொள்ளாமல் இருப்பாய். அப்படிப்பட்டவன் அன்றைக்குப் போனில் "பாட்டு சோறு போடுமோ" என்று கேட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. நீ அப்படிக் கதைக்கிற பிள்ளை இல்லை.

அங்கே வேலை கடினம் என்று மாமா சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அகதிக் கேஸ் என்ன மாதிரி என்று நான் கேட்கப் போவதும் இல்லை. மாதம் பிறந்தால் உன் காசு வருகிறது, குரல் வருவதில்லை. ஒரு மாதம் காசு பிந்தினாலும் பரவாயில்லை. முத்தையன்கட்டுத் தண்ணீர் சிறுபோகத்துக்குத் திறந்துவிட்டார்கள், வயலும் விதைத்தாயிற்று, எங்களுக்குக் காணும். அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் என் போன் அடித்தால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் ஏறி நிற்கிறார். சரி, அதை விடு. நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே.

வலயப் போட்டிக்கு முதல் மூட்டு மாற்ற வேணும் என்றால் இந்தக் கிழமைக்குள் முடிவு தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை இல்லை என்று மாமா சொன்னார். அன்றைக்குப் பின்னேரம் எடு. ஓம், இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாலும் சரி. தங்கச்சியும் பக்கத்தில் இருப்பாள்.

அன்புடன்,
அம்மா